ஈரம் பார்க்கும் குச்சி

செங்கோடன் பேரம் பேச உட்கார்ந்தால் கடைக்காரனுக்குத் தலை சுற்றும். சோலார் மோட்டார் வாங்கியபோதும் விடவில்லை. மண் காய்ந்தால் தக்காளிக் காட்டில் நட்ட குச்சியே பார்த்து மோட்டாரை ஓடவிடும் என்றார்கள். "தானே ஓடுறதுக்கு சுவிட்ச் எதுக்கு?" என்று சுவிட்சைக் கழித்து விலையைக் குறைத்தான்.

அவன் மனைவி பாவாயி குச்சிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்ததைப் பட்டினி போட மனசு வராமல், தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினாள்.

வெயில் கொளுத்தியது. மோட்டார் ஓடவில்லை. பூவெடுத்த தக்காளிச் செடிகள் தலை தொங்கத் தொங்க, அவள் சொம்பிலிருந்து குடத்துக்கு மாறினாள்.

கம்பெனிக்காரன் ஒருவழியாகப் போனை எடுத்தான். "அண்ணா, உங்க காடு சொதசொதன்னு இருக்குதுன்னு மெஷின் காட்டுது."

"வந்து பாரு தம்பி, செடியெல்லாம் சருகா நொறுங்குது!"

"மெஷின் பொய் சொல்லாதுங்ணா. குச்சிகிட்ட மண்ணைத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். விரலில் சேறு ஒட்டியது. மஞ்சள் வாசம் அடித்தது. குச்சியைப் பிடுங்கி வேட்டியில் அழுத்தித் துடைத்தான்.

மோட்டார் உறுமியது. குழாயெல்லாம் தண்ணீர் ஏறி, கருகிய தண்டுகளின் காலடியில் சொட்டியது.

இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்த பாவாயி வரப்பிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்ளா மாமா! இன்னிக்குத்தான் மனசு எறங்கியிருக்குது."

செங்கோடன் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமா புள்ள," என்றான்.