தயிருக்கு ஏற்ற புஸ்

“நற்பிட்டிமுனையில பாலா ஏத்துறன், சாய்ந்தமருதில தயிரா இறக்குறன். புது புஸ் பூட்டினா என்ட மொரிஸ் மைனர் அப்பிடி அசையாமப் போகும்.”

ஜவாத் சொன்னதைக் கேட்டு மனைவி மர்ஷூதா சிரிக்கக்கூட இல்லை. அப்போதுதான் உறை ஊற்றிய பாற்சட்டி அவள் கையில் இருந்தது. போன முறை மகள் அஸ்னா வீட்டுக்கு இதே காரில் கொண்டுபோன கெட்டித் தயிர், போய்ச் சேரும்போது மோராகிவிட்டது. ஸ்பிரிங்கில் அதிர்வு தாங்கும் புஸ்ஸெல்லாம் தேய்ந்து, கார் அந்தக் குலுக்குக் குலுக்கியது. மருமகன் பர்ஸான் அந்த மோரில் வெங்காயம் வெட்டிப் போட்டுக் குடித்தார்.

“இண்டைக்கு இது தயிரா இறங்கல்லெண்டா, காரைக் கேட்டு வந்த கொழும்பு ஆளுக்குக் குடுக்கிற. ஓமா?”

“ஓம்,” என்ற பிறகுதான் ஜவாத் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். பென்சன் எடுத்த நாளிலிருந்து அவருடைய உயிரே அந்தக் காரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டார்கள். பின் சீட்டில் துவாயைச் சுருட்டி, அதன் நடுவே சட்டியை வைத்தாள் மர்ஷூதா. கல்முனையில் றாஸிக்கின் உதிரிப்பாகக் கடை வாசலில், மர நிழலில் காரை நிறுத்திவிட்டு, பெருநாள் உடுப்பு எடுக்கப் போகும் பிள்ளைபோல ஜவாத் உள்ளே ஓடினார்.

றாஸிக் முதலில் பிளாஸ்டிக் போன்ற சிவப்பு பொலி புஸ்ஸை எடுத்து வைத்து, ஆயுசுக்கும் தேயாது என்றான். ஜவாத் நகத்தால் அழுத்தினார், நகம்தான் வலித்தது. இவ்வளவு இறுக்கமென்றால் ரோட்டில் ஓர் எறும்பு குறுக்கே போனாலும் தயிர் வெடித்துவிடும் என்று தள்ளி வைத்தார். அடுத்தது கறுப்பு ரப்பர். மெத்தென்று இருந்தது, இதைப் பூட்டினால் கார் தொட்டில் மாதிரி ஆடாதா? காதருகே வைத்துப் பிசைந்தார், மோந்தார், மேசையில் உருட்டினார், கடைசியில் கடித்தும் பார்த்தார்.

“காக்கா, அது தின்னுற சாமான் இல்ல,” என்று பெரியவரைத் தடுத்தான் றாஸிக்.

“என்ட காரே இதிலதான் தொங்குது தம்பி. மற்றப் பெட்டியையும் திற.”

திறக்கத் திறக்கப் பெட்டிகள் வந்தன. ஒரு பழைய பெட்டியின் அடியில், இறுக்கமும் இல்லாமல் இளக்கமும் இல்லாமல், ஜவாத்துக்காகவே வார்த்ததுபோல ஒரு செட் கிடந்தது. அவர் அதைக் கொஞ்சாத குறைதான். றாஸிக் பூட்டிக் கொடுத்தான். கார் குளத்துத் தோணிபோல வழுக்கிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனது.

அஸ்னா சட்டியின் துணியை எடுத்தாள். சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெள்ளையாக நின்றது தயிர். சட்டியைச் சரித்தாள், அசையவில்லை. பர்ஸான் விரலால் தட்டியே பார்த்துவிட்டார்.

“பாலாத்தான் ஏத்தினன். நம்பல்லெண்டா உம்மாட்டக் கேளு,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஜவாத்.

எல்லோரும் மர்ஷூதாவைப் பார்த்தார்கள்.

“ஓம், கார்லதான் உறைஞ்சது. காரை விக்கல்ல,” என்று ஒப்புக்கொண்டாள் அவள். “உங்கட வாப்பா புஸ் தெரிஞ்செடுத்து முடிக்கக்குள்ள, நான் கடைக்குப் பக்கத்து வீட்டில பகல் லுஹரும் தொழுது பின்னேரம் அஸரும் தொழுதிட்டன், கார் அந்த மரத்துக்குக் கீழ அப்பிடியே நிண்டது. பகல் சோறு மிஞ்சிக் கிடந்தாப் போடு மகள்.”