மூடிவைத்த தட்டுகள்

விதைக்கரும்பின் கணுக்களில் முளைவிடும் பருக்களை மட்டும் சீவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெல்லம் காய்ச்ச அனுப்பிவிட்டாள் பொன்னுருவி. இவை முளைக்காவிட்டால், நடுவதற்கு இனி ஒரு துண்டுக் கரணைகூடக் கிடையாது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் சீவல்களைப் பதித்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். உள்ளே சேரும் சூடுதான் பருவை எழுப்ப வேண்டும்.

"என்ன மதினி, கோழிய அடை வச்சிருக்கியளா?" என்று வரப்பில் நின்று சிரித்தான் கொழுந்தன் மாசாணம்.

"ஆமா, பக்கத்துல வந்து சத்தம் போடாத."

ஐந்தாம் நாள் காலையில் தாளை லேசாகத் தூக்கிக் கையை நுழைத்தாள். சோறு வடித்து ஆறவைத்த பானையைத் தொட்டதுபோல் இதமான சூடு. தடவிக்கொண்டே போன உள்ளங்கையில் என்னவோ குத்தியது. பக்கத்திலும் குத்தியது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"என்ன மதினி, பூச்சியா?" என்று வரப்பிலிருந்து இறங்கி வந்தான் மாசாணம்.

"நீயே தொட்டுப் பாரேன்."

மாசாணம் வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.