நிஜச் சிரிப்பு

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டார வீட்டில் அகிலன் எந்த ஜோக் சொன்னாலும் ரக்ஷனா விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று மட்டும் சிரிக்காமல் தோசையைத் திருப்பினாள்.

"கோபமா?"

"இல்லை லா. மனைவி சிரிச்சா கணவன் வீட்டு வேலை அதிகமா செய்றானான்னு ஆய்வு பண்ணேன். நேத்தோட முடிஞ்சிடுச்சு."

"அப்போ இத்தனை மாசம் சிரிச்சது?"

"பொய்தான். சாரி."

அகிலன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"மனசு உடைஞ்சிடுச்சா?"

"அதில்லை. என் ஒலியியல் ஆய்வுக்கு உன் சிரிப்பைத்தான் நிஜச் சிரிப்புன்னு மெஷினுக்குக் கத்துக்கொடுத்தேன். அப்புறம் பொங்கோல் வட்டாரத்துல சிரிச்சவங்க எல்லாரையும் அது சோதிச்சது."

"சோதிச்சு?"

"கட்டுரை இன்னிக்குத்தான் வெளியாச்சு. தலைப்பு, 'சிங்கப்பூரர்கள் மனசாரச் சிரிப்பதே இல்லை!'"