சேறு படாத பெயர்

"பக்கெற்றை நிலத்தில வைக்க ஏலாது, பாஸ். அதில ஒரு பெரிய மனுசன்ர பேர் கிடக்கு" என்றார் அம்பலவாணர்.

ட்ராக்டருக்கு அடியில் கிடந்த மெக்கானிக் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். முன்பக்க லோடரின் இரும்புக் கைகள் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. விழாமலிருக்க ஒரு பனங்குத்தி முண்டு கொடுத்திருந்தது. உச்சியில் மண் அள்ளும் பக்கெற். அதன் வெளிப்பக்கத்தில் தங்க நிறத்தில், 'அமரர் க. இராசநாயகம் ஞாபகார்த்தம்.'

சுவிசில் இருக்கும் இராசநாயகத்தின் மகன் புங்குடுதீவுக்கு வாங்கிக் கொடுத்த மிசின் அது. அவன் தகப்பனின் பெயரை மட்டும் அனுப்பினான். எழுத்து, நிறம், பூவேலை எல்லாம் ஊர்ச் சங்கத் தலைவர் அம்பலவாணர் பார்த்துக்கொண்டார். ஊரில் மதில், கேணி, தண்ணீர்த்தாங்கி எல்லாவற்றிலும் ஒரு அமரர் இருந்தார். ட்ராக்டருக்கும் ஒருவர் கிடைத்தார். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படம் எடுத்து, சங்கக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி ஆறு மாதம். ஒரு கூடை மண் அள்ளவில்லை. பெயர் சேறாகும் என்று தலைவர் விடவில்லை. கொழும்பில் கடையைப் பூட்டிவிட்டு நாலு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்து, வந்த வேகத்தில் தலைவரானவர் அவர்.

அவசரம் பரிமளத்துக்கு. கடல்தண்ணீரை மறிக்கும் அணை அவள் வயலோரம் உடைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை பறுவம், முழுநிலா. அன்று கடல் ஏறினால் விதைத்த நெல் மட்டுமல்ல, நிலமே நாலைந்து வருடத்துக்கு உப்பு. மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிப் பார்த்தாள். கொட்டியது கரைந்தது. லோடரைக் கேட்டுப் போனபோது, ஒயில் ஒழுகுது, கை தூக்கினால் நிற்குதில்லை, பழுது என்று அனுப்பிவிட்டார்கள். எப்பவோ ஊரை விட்டுப் போனவர்களும் இருக்கும் ஊர் வட்ஸ்அப் குழுவில் அழாத குறையாக எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து இந்த மெக்கானிக் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அவர் இரும்புக் கையைத் தூக்கும் சிலிண்டரின் தண்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். கண்ணாடி போல் மினுங்க வேண்டியது அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல் இருந்தது. வேலை முடிந்தால் கையைக் கீழே இறக்க வேண்டும், தண்டு உள்ளே போய்விடும், உப்புக்காற்று படாது என்றார். ஆறு மாதம் வெளியே நீட்டி வைத்தால் கறள் பிடிக்கும். கறள் ஒயிலை மறிக்கும் ரப்பர் சீல் வளையத்தைக் கிழிக்கும். கிழிந்தால் ஒயில் ஒழுகும். ஒயில் அளவு பார்ப்பதற்கே பக்கெற் நிலத்தில் இருக்க வேண்டும்.

"பேரைக் காப்பாத்திறன் எண்டு மிசினைச் சாக்காட்டிப்போட்டியள், தலைவர்."

அம்பலவாணருக்குச் சுட்டது. "உமக்கு அந்த மனுசனைத் தெரியாது. நானும் அவரும் ஒரு கோப்பையில சோறு சாப்பிட்டனாங்கள். செத்தவீட்டில பெட்டியின்ர முன்பக்கம் பிடிச்சது நான்."

"பாரமோ?"

"சீச்சீ, மெலிஞ்ச மனுசன். ஆனா அண்டைக்கு நல்ல மழை."

"கடைசியா ஏதும் சொன்னவரோ?"

"ஊருக்கு ஏதும் செய்யவேணும் எண்டுதான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர்."

மெக்கானிக்குக்கு இருமல் வந்தது. அது கொஞ்சம் நீண்டது.

"பேர் சேறானால் அவர் ஒண்டும் நினைக்கமாட்டார். அதுக்கு நான் பொறுப்பு" என்றவர், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மிசினை ஸ்டார்ட் பண்ணிக் கையைச் சற்று உயர்த்தி, பனங்குத்தியை எடுத்தார். கை முனகிக்கொண்டு இறங்கி, பெயரோடு சேற்றில் உட்கார்ந்தது. அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. அவ்வளவும் தண்ணீர் கலந்தது. மெக்கானிக் சீல் மாற்றினார், பில்டர் மாற்றினார், தண்டைத் தேய்த்து மினுக்கினார். புது ஒயில் விட்டு, காற்றுப் போகும்வரை பக்கெற்றை ஏற்றி இறக்கினார். பின்னேரம் நாலு மணிக்கு மேலே தூக்கி நிறுத்திக் கால் மணித்தியாலம் பார்த்தார்கள். ஒரு விரற்கடை இறங்கவில்லை.

பரிமளம் ட்ரைவரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அம்பலவாணர் மறித்தார்.

"திருத்தினது சரி. இனி மேலயே நிக்கட்டும். சேத்துக்கு விடுறதெண்டால் கூட்டம் போடவேணும். அடுத்த மாதம் பாப்பம்."

"அடுத்த மாதம் வயலில நான் உப்பு விளைவிக்கிறன், அண்ணை. அதுக்கும் அவற்ர பேரையே வையுங்கோ."

யாராவது பொறுப்பெடுத்து எழுதித் தந்தால் விடுவீர்களா என்று மெக்கானிக் கேட்டார். தலைவர் சிரித்தார்.

"அமரரின்ர பேரைச் சேத்தில புதைக்க ஆர் எழுதித் தருவான்? வேணுமெண்டால் நீர் எழுதும். மகன் கேட்டால் உம்மைக் காட்டிவிடுறன்."

மிசினோடு வந்த பராமரிப்புப் புத்தகம் உறை கிழிக்காமல் ஸீற்றுக்கு அடியில் கிடந்தது. மெக்கானிக் உறையைக் கிழித்து, முதல் பக்கத்தில் செய்த வேலைகளை எழுதினார். கடைசி வரியில், 'சேற்றில் வேலை செய்யலாம். முடிந்ததும் பக்கெற்றை நிலத்தில் வைக்கவும்.' கையெழுத்து வைத்துப் பெயரையும் எழுதித் தலைவரிடம் நீட்டினார். பிறகு பக்கெற்றை இறக்கி வைத்துவிட்டு, ஒரு துணியைப் பெற்றோலில் நனைத்துக்கொண்டு அதன் பக்கம் போனார்.

அம்பலவாணர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். க. இராசநாயகம். நிமிர்ந்து பார்த்தார். 'அமரர்' என்ற சொல்லைப் பாதிக்கு மேல் தேய்த்து அழித்துவிட்ட மெக்கானிக், திரும்பாமலே சொன்னார்:

"பெட்டி தூக்கினதுக்குப் பெரிய உபகாரம், தலைவர்."