இலையோடு போன கிளிப்

"இதுவா பாரு தாயி!"

பேரூராட்சிக் குப்பைக் கிடங்கில் மீனம்மாள் குச்சியால் எதையோ தூக்கிக் காட்ட, பிரகதீஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்து பார்த்தாள். அது யாரோ ஒரு பெரியவரின் பாதிப் பல்செட். இருக்கிற கவலையில் அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

"இல்லக்கா. என்னுது ரோஸ் கலர்ல இருக்கும். முன்னாடி ஒத்தக் கம்பி ஓடும்."

"இலுப்பூரு முச்சூடும் அள்ளுன குப்பை. இங்கிட்டுப் பாதி, அங்கிட்டுப் பாதி கொட்டிக் கெடக்கு. எங்கன்னு தேடுவ?" என்று குப்பை வண்டியோடு வந்த மீனம்மாளும் கையை விரித்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் முழுக்கப் பிரகதீஸ்வரிக்குத் 'தேங்காத் துருவி' என்றுதான் பெயர். வாயைக் கையால் மூடாமல் அவள் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. கல்லூரிக்குப் போன பிறகுதான் பல்லில் கம்பி கட்டி, வலியோடு மல்லுக்கட்டி, ஒரு வழியாகப் பல் வரிசைக்கு வந்தது.

வந்த பல் பழைய இடத்துக்கே ஓடிவிடாமல் இருக்க, தூங்கும்போது மாட்டிக்கொள்ளச் சொல்லி டாக்டர் 'ரிட்டெய்னர்' என்று ஒரு கிளிப் கொடுத்திருந்தார். பரீட்சை மும்முரத்தில் கொஞ்ச நாள் அதைப் போடாமல் விட்டதற்கே முன்பற்கள் நகரத் தொடங்கிவிட்டன. "இன்னொரு தடவை விட்டா மறுபடி முதல்லருந்து கம்பிதான்" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இன்று காலை அதைத்தான் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தாள். டப்பாவில் வை, டப்பாவில் வை என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டது காதில் ஏறினால்தானே! சாப்பிட்டு முடித்ததும் தோழியின் போன் வர, வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து பார்த்தால் இலையும் இல்லை, காகிதமும் இல்லை. குப்பை வண்டியும் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

வெறுங்கையோடு வீடு திரும்பியவளைப் பார்த்ததுமே அம்மா மணிமேகலை தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"பாவி, நாந்தான்டி எலையோட சுருட்டிப் போட்டிருப்பேன். ஆனா காயிதத்தப் பாத்த ஞாவகமே இல்லையே!"

"டாக்டருக்குப் போன் பண்ணேம்மா. அவரு ஊருலயே இல்லையாம். வந்துதான் அளவெடுத்துப் புதுசு செய்யணுமாம். அதுக்குள்ள பல்லு போயிரும்மா."

சொல்லும்போதே அவள் நாக்கு முன்பற்களைத் தடவிப் பார்த்தது. காலையிலிருந்து நூறு முறை தடவியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏதோ நகர்ந்துவிட்டதைப் போலவே இருந்தது. தன் வாய்க்குள் நடப்பதைத் தானே தடுக்க முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாதடி. அப்பா வர்ற நேரம். அவருகிட்ட மூச்சு விட்றாத. ஊருக்குப் போற நேரத்துல மனுசன் ஒடஞ்சு போயிருவாரு."

அப்பா ஆத்மநாதன் குவைத்தில் வேலை பார்க்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று நாலு நாள் லீவில் வந்தவர், இன்று இரவு திருச்சியில் விமானம் ஏற வேண்டும். வந்து இறங்கியதும் மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பியெல்லாம் எடுத்தாச்சா தாயி? வைத்தியம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டு, அவள் தலையாட்டியதும் சின்னப்பிள்ளை மாதிரி கண் கலங்கிவிட்டார்.

அவர் எதற்கெடுத்தாலும் நார்த்தாமலை அம்மனிடம் வேண்டிக்கொள்கிற ஆள். மணிமேகலைக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வெள்ளியில் கண்மலர் வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டார். தன் கால் முறிந்து சேர்ந்தபோது வெள்ளியில் ஒரு கால். இன்றும் சாப்பிட்ட கையோடு, "ஆத்தாளைப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பிரகதீஸ்வரி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்த ஆத்மநாதன், மகளுக்கும் பூசிவிட்டுப் போனை எடுத்தார்.

"எங்க, சிரி பாப்போம். ஒரு போட்டோ எடுத்துக்கிர்றேன். அங்க போயி எல்லாருக்கும் காட்டணும்."

அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இன்னும் எத்தனை நாளைக்கோ என்று நினைத்ததும் உதடு தானாக மூடிக்கொண்டது.

"வாயத் தொறந்து சிரி தாயி! இனி ஒனக்கு என்ன கொறச்சல்? கம்பியக் கட்டிக்கிட்டு ஒரு வாய் சோறு திங்க முடியாம போன்ல அழுதியே, அன்னைக்கே நார்த்தாமலை ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எம்புள்ள பல்லு நேராகிரணும்னு. இன்னைக்குத்தான் அந்தக் கடன் தீந்துச்சு."

மணிமேகலை பேச்சை மாற்றக் கிடைத்த வழியை விடவில்லை.

"அப்ப வெள்ளியில பல்லு வாங்கிப் போட்டீங்களாக்கும்?"

ஆத்மநாதன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளி எதுக்கு? எலை ஓரமா இருந்துச்சுல்ல, அந்தக் கிளிப்பையே கழுவி உண்டியல்ல போட்டுட்டேன்!"