மணி அடித்தால் அலறும் கார்

"இன்னிக்கும் உன் கார் அலறிச்சுன்னா, நாளையிலேர்ந்து அது ஊருக்குள்ள வரக் கூடாது."

ஊர்த் தலைவர் பெசெத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லோசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் இல்லாவிட்டால் தலைநகர் ஆப்பியாவில் பல்கலைக்கழகம் ஏது? காலை வகுப்புக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது.

"தப்பு கார் மேல இல்ல ஐயா. உங்க மணி மேல!"

அவள் வீட்டுக்கு எதிரே, ஈரப்பலா மரத்தில் தொங்கும் பழைய காஸ் சிலிண்டர்தான் ஊருக்கே மணி. அந்தி நேரம் தலைவர் இரும்புக் கம்பியால் அதை அடித்தால், ஊர் முழுக்க வீட்டுக்குள் அடங்கி ஜெபத்தில் உட்காரும். நேற்றும் முந்தாநாளும் அந்த நேரம் பார்த்துத்தான் கார் ஹார்ன் அலறித் தொலைத்தது.

"உங்க அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கிற மணி அது," என்று தலைவர் சிரித்தார். "உன் காருக்கு அதைக் கண்டா பயமா?"

கூட நின்ற ஆண்களும் சிரித்தார்கள்.

"சிரிங்க. ஹார்னைக் கழட்டிப் பார்த்துட்டேன், ஒயர் பார்த்துட்டேன், பேட்டரி பார்த்துட்டேன். எல்லாம் சரி. அதிர்வு பட்டா அலற வைக்கிற கருவி ஒண்ணு இருக்கு, அதுதான் மணிச் சத்தத்துக்குத் துள்ளுது. கொஞ்சம் மெதுவா அடிச்சா என்ன?"

"மெதுவா அடிச்சா அது மணியா? போ பொண்ணே!"

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "ஹார்ன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு வாயேன்டி!"

"கோளாறைச் சரி பண்ணாம வாயைக் கட்டறதா? இந்த ஊர்ல எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான்!"

அவளே கருவியைத் தேடிப் பிடித்து, அது லேசில் துள்ளாதபடி, துருவேறிய திருகாணியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

மணி அடித்தது. எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல் கேட்டது.

கார் மூச்சு விடவில்லை.

ஜெபம் முடிந்ததும் தலைவரின் குரல் தெருவையே நிறைத்தது. "பார்த்தீங்களாடா? மெக்கானிக் இல்ல, யாரும் இல்ல. தானே கண்டுபிடிச்சு, தானே சரி பண்ணிட்டா. நம்ம ஊர்ப் பொண்ணு!"

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். லோசா தலை நிமிர்ந்து நடந்துபோய், பெருமையாக பானெட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

பீம்! பீம்! பீம்!

தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது. லோசாவுக்குக் காது சூடாகிப் போனது.

"என்னடா பார்க்கறீங்க?" தலைவர் முந்திக்கொண்டார். "ஹார்ன் வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்க்கிறா. படிச்ச பொண்ணுன்னா சும்மாவா!"

சாவியை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டு லோசா நிமிர்ந்தாள். தலைவரின் தோளில் துண்டு இல்லை.

அது மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் கம்பியின் முனையில், கயிறு போட்டு இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது.