நாலாவது மடிப்பு

நூலக மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மேரி கியூரி, பிரமிடு பற்றிய கேள்விகள் எல்லாம் தாண்டி வினாடி வினா கடைசிக் கேள்வியில் முட்டி நிற்கிறது; இரண்டு அணிக்கும் சரிசமப் புள்ளி, தவறாகச் சொன்னால் புள்ளி எதிரணிக்கு. பைசா கோபுரம் போலச் சாயும் மைக்கை நிமிர்த்திக்கொண்டு நூலகர் கேட்கிறாள்: "ஒரு சதுரத்தை, ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி எத்தனை விதமா மடிக்கலாம்?" "நாலு" என்கிறாள் தையற்காரி. அவள் நூலகரின் அண்ணி. மூன்று வருஷமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை என்பது அரங்கத்துக்கே தெரியும். நூலகர் கையிலிருக்கும் விடைத்தாளிலோ 'இரண்டு' என்று அச்சடித்திருக்கிறது. எதிரணி வங்கிக்காரர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிக் கோப்பையை வாங்க நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். "ரெண்டுன்னுதானே போட்டிருக்கு? படிங்க மேடம்." படித்துவிட்டால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. மாற்றிச் சொன்னால், "என்ன இருந்தாலும் அண்ணன் பொண்டாட்டியாச்சே" என்று பின்வரிசை சிரிக்கும். அண்ணி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நூலகரின் உள்ளங்கையில் சதுரக் கைக்குட்டை வியர்வையில் கசங்குகிறது. அவள் அதை மேசையில் விரித்து நீவுகிறாள். நெடுக்கே ஒரு மடிப்பு. பிரித்துவிட்டு, குறுக்கே ஒரு மடிப்பு. வங்கிக்காரர் தலையாட்டுகிறார். மறுபடி பிரித்து, மூலையோடு மூலை சேர்த்து ஒன்று. ஆடிய தலை நின்றுவிடுகிறது. அதையும் பிரித்து, மிச்சமிருக்கும் இரண்டு மூலைகளையும் சேர்த்து மடித்து, முக்கோணமாகிவிட்ட துணியை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறாள். மைக் மறுபடி சாய்கிறது. அவள் அதை நிமிர்த்தவில்லை. "நாலுதான், அண்ணி" என்கிறாள்.